விதி பொருந்தாத இடங்கள்: மின்தடையமும் டையோடும் பழுதறியும் முறையும்

மின்னியலின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மின்சுற்றில் நேரும் பழுதை இனங்காணும் முறை எப்படி வளர்ந்தது என்பது பணிமனைக் கையேடுகளுக்குரிய செய்தியாக ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆயினும் மின்சுற்றின் மிக எளிய உறுப்புகளான மின்தடையம், டையோடு ஆகிய இரண்டின் கதையைத் தொடர்ந்து சென்றால், கண்டுபிடித்தலும் பழுதறிதலும் ஒரே முறையின் இரு பயன்பாடுகளாக வளர்ந்தவை என்பது தெளிவாகும். மின்தடையம் என்பது தன் வழியே செல்லும் மின்னோட்டத்தைக் குறிப்பிட்ட அளவுக்குள் கட்டுப்படுத்தும் உறுப்பு. டையோடு என்பது மின்னோட்டத்தை ஒரு திசையில் எளிதாகச் செல்லவிட்டு, எதிர்த்திசையில் ஏறத்தாழ முழுவதுமாகத் தடுக்கும் உறுப்பு. முன்னதன் நடத்தையிலிருந்து ஒரு விதி பிறந்தது. அந்த விதி பொருந்தாத இடத்தில் பின்னது கண்டறியப்பட்டது. எதிர்பார்த்த அளவுக்கும் கிடைத்த அளவுக்கும் இடையிலான வேறுபாட்டைப் புறந்தள்ளாமல், அது எங்கிருந்து வருகிறது என்று படிப்படியாகத் தேடியவர்களே இரண்டையும் சாத்தியமாக்கினர்.

மின்தடை பற்றிய விதியை வகுத்த ஜார்ஜ் சைமன் ஓம் (1789–1854) ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். கொலோன் நகரின் ஜெசூட் உயர்நிலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, கம்பியின் நீளம் கூடக்கூட மின்னோட்டத்தின் வலிமை எந்த வீதத்தில் குறைகிறது என்று அவர் அளக்கத் தொடங்கினார். 1825 இல் அவர் வெளியிட்ட முதல் முடிவு மடக்கை வாய்பாடாக அமைந்து, பிழையானது என்று பின்னர் தெரியவந்தது. பிழைக்குக் காரணம் கம்பிகளன்று. மின்சாரம் தந்த வோல்டா மின்கலத்தில், சுற்று மூடியவுடன் ஓட்டம் திடீரென எழும்பிப் பின் சரிந்துகொண்டே சென்றது. வெப்பநிலை வேறுபாட்டைக் கொண்டு மின்சாரம் பிறப்பிக்கும் வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்துமாறு ஆய்விதழாசிரியர் பொக்கென்டார்ஃப் கூறிய யோசனையை ஏற்று, 1826 இல் ஓம் செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான மூலத்தைப் பெற்றார். 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குல நீளமுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றில் இணைத்து, காந்த ஊசியின் விலக்கத்தை முறுக்குத் தராசால் அளந்தபோது, மின்னோட்டமானது ஒரு மாறிலியை, கம்பியின் நீளத்தோடு மற்றொரு மாறிலியைக் கூட்டிய தொகையால் வகுப்பதற்குச் சமம் என்று தெரிந்தது. அந்த இரண்டாவது மாறிலி மூலத்துக்குள்ளும் மீதிச் சுற்றிலும் உள்ள தடையைக் குறித்தது. சுமை இல்லாதபோது முழு மின்னழுத்தம் காட்டும் பழைய பேட்டரி, விளக்கை இணைத்தவுடன் தளர்ந்துபோவதை இன்று விளக்குவதும் அதே உட்தடைதான்.

1827 இல் பெர்லினில் வெளிவந்த நூலில் ஓம் இவற்றைக் கணிதமாக விரித்தெழுதினார். ஜெர்மனியில் அதற்கு உடனடி வரவேற்பு இல்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841 இல் கோப்ளி பதக்கம் அளித்த பின்னரே அவர் பெயர் பரவியது. ஓமின் விதி தனியொரு கடத்திக்கு உரியது. பல கிளைகளாகப் பிரியும் சுற்றுக்கு அதை விரிவாக்கியவர் குஸ்டவ் கிர்க்காஃப். கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே, 1845 இல், அவர் இரண்டு விதிகளைத் தந்தார். ஒரு சந்திக்குள் வரும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை அதிலிருந்து வெளியேறுவனவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்பது முதலாவது. மூடிய பாதை ஒன்றைச் சுற்றி வந்தால் மூலம் தரும் அழுத்தமும் உறுப்புகளில் இழக்கப்படும் அழுத்தமும் ஈடாகும் என்பது இரண்டாவது. வரவும் செலவும் ஒத்துப்போக வேண்டிய பேரேட்டைப் போல மின்சுற்றையும் தணிக்கை செய்யலாம் என்ற நிலை இவ்விதிகளால் ஏற்பட்டது. ஒரு சுற்றில் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட முடிந்த பிறகுதான், அங்கே அளந்தது அதற்கு மாறாக இருக்கிறது என்று சொல்ல இயலும். ஆகவே பழுதறிதல் ஒரு முறையாக உருவெடுத்தது இக்காலத்துக்குப் பின்னரே.

அம்முறையை முதலில் பெருமளவில் கையாண்டது தந்தித் துறை. கடலடிக் கம்பிவடத்தின் காப்புறை எங்கோ கிழிந்து, உள்ளிருக்கும் செம்புக்கம்பி கடல்நீரைத் தொட்டுவிட்டால், அந்த இடத்தைக் கண்ணால் தேட முடியாது. கரையிலிருந்தபடியே கணக்கிட்டாக வேண்டும். சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி 1833 இல் விவரித்து, சார்ல்ஸ் வீட்ஸ்டன் 1843 இல் பரவலாக்கிய சமனச்சுற்று இதற்குக் கருவியாயிற்று. தெரிந்த மூன்று தடைகளோடு தெரியாத ஒன்றை ஒப்பிட்டு, நடுவிலுள்ள கால்வனாமீட்டரின் ஊசி அசையாத நிலையைக் கொண்டு மதிப்பை அறிவது அதன் செயல்முறை. வடத்தின் தடை மைலுக்கு 4 ஓம் என்று முன்பே அளந்து வைத்திருந்து, பழுதுக்குப் பின் கரையிலிருந்து 1,200 ஓம் கிடைத்தால், பழுது 300 மைல் தொலைவில் இருப்பதாகக் கொள்ளலாம். ஆனால் கிழிந்த இடத்துக்கே ஒரு தடை உண்டு. அதுவும் கூட்டலில் சேர்ந்துவிடும் என்பதால் இரு கரைகளிலிருந்தும் அளந்து அதை நீக்கும் வழிகள் வகுக்கப்பட்டன. 1858 இல் இடப்பட்ட அட்லாண்டிக் வடம் மிகையான அழுத்தம் செலுத்தப்பட்டுச் சில வாரங்களில் செயலிழந்ததும், தடையை அளக்கும் பொது அலகு ஒன்று தேவை என்ற உணர்வு வலுத்தது. பிரிட்டிஷ் அசோசியேஷன் 1861 இல் அமைத்த குழுவின் உழைப்பாலும், 1881 இல் பாரிஸில் கூடிய மின்னியலாளர் மாநாட்டின் முடிவாலும் ஓம் என்பது உலக அலகாயிற்று. சென்னையைப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூருடன் இணைத்து 1870–71 இல் இடப்பட்ட கடல்வடமும் இந்த அளவீட்டு முறைகள் நிலைபெற்ற காலத்தைச் சேர்ந்ததே.

ஓம் விதி இவ்வாறு உலகெங்கும் நம்பப்பட்ட காலத்திலேயே அது பொருந்தாத பொருள்களும் தென்பட்டன. 1874 இல் லைப்சிக் நகரில் பள்ளியாசிரியராக இருந்த ஃபெர்டினண்ட் பிரௌன், கலீனா எனப்படும் ஈய சல்ஃபைடு உள்ளிட்ட உலோக சல்ஃபைடுப் படிகங்களின் மேல் மெல்லிய உலோக முனையை அழுத்தி வைத்து அளந்தபோது, தடையானது ஓட்டத்தின் திசை, வலிமை, கால அளவு ஆகியவற்றைப் பொறுத்து மாறுவதையும், அந்த வேறுபாடு மொத்த மதிப்பில் 30 விழுக்காடு வரை செல்வதையும் கண்டார். நீளத்தாலும் தடிமனாலும் மட்டுமே தீர்மானிக்கப்பட வேண்டிய தடை, மின்கலத்தின் முனைகளை மாற்றி இணைத்தவுடன் வேறாவது அன்றைய அறிவுக்கு அடங்காதது. படிகத்தைப் பெரிய பரப்புகளால் இருபுறமும் பற்றியவர்களுக்கு இவ்விளைவு தென்படவில்லை. ஒரு தொடுகை சிறு முனையாக இருப்பது கட்டாயம் என்பதை பிரௌன் வலியுறுத்த வேண்டியிருந்தது. அவர் கண்டது கருவியின் கோளாறா, தொடுகையின் கோளாறா, பொருளின் இயல்பா என்ற ஐயத்திலேயே அது ஏறத்தாழக் கால் நூற்றாண்டு பயனின்றிக் கிடந்தது.

கம்பியில்லாத் தந்தி வந்தபின் அப்பண்புக்குத் தேவை எழுந்தது. வானலை என்பது நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்னோட்டத்தையே ஏற்பியில் எழுப்புவதால், இரு திசைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து, காதொலிக் கருவியில் எதுவும் கேட்காது. ஒரு பாதியை மட்டும் அனுமதித்தால் அலையின் ஏற்ற இறக்கம் ஒலியாக வெளிப்படும். கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் பணியாற்றிய ஜகதீச சந்திர போஸ் கலீனா முனைத்தொடுகையை அலை உணரியாகப் பயன்படுத்தி 1901 இல் அமெரிக்கக் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1904 இல் பெற்றார். கிரீன்லீஃப் பிக்கார்ட் ஏராளமான கனிமங்களைச் சோதித்து 1906 இல் சிலிக்கான் உணரிக்குக் காப்புரிமை பெற்றார். இவற்றைக் கொண்ட படிக வானொலிக்கு பேட்டரி தேவையில்லை. ஆனால் பூனை மீசை எனப்பட்ட மெல்லிய கம்பிமுனையைப் படிகத்தின் மேல் இடம்மாற்றி இடம்மாற்றி, நன்கு உணரும் புள்ளியைக் காதால் தேட வேண்டும். மேசை சற்று அதிர்ந்தாலும் புள்ளி தவறிவிடும். சி. வி. கிருஷ்ணசாமி செட்டி 1924 இல் தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பிய ஆண்டுகளும் படிக வானொலி பல நாடுகளில் புழங்கிய காலத்தைச் சேர்ந்தவை.

வெற்றிடக் குழல் வடிவிலான டையோடும் ஒரு பழுதிலிருந்தே தோன்றியது. தாமஸ் எடிசனின் மின்விளக்குகளில் கண்ணாடியின் உட்புறம் நாளடைவில் கறுத்துவிட்டது. காரணம் தேடி விளக்குக்குள் கூடுதலாக ஓர் உலோகத் தகட்டைச் செருகிப் பார்த்தபோது, அத்தகட்டை நேர்முனையோடு இணைத்தால் வெற்றிடத்தின் ஊடே ஓட்டம் செல்வதும், எதிர்முனையோடு இணைத்தால் செல்லாததும் தெரிந்தது. 1884 இல் எடிசன் இதைக் கொண்டு ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றாலும் கறுப்பு நீங்கவில்லை, காரணமும் விளங்கவில்லை. ஜே. ஜே. தாம்சன் 1897 இல் எலக்ட்ரானை இனங்கண்ட பின்னரே சூடான இழையிலிருந்து அத்துகள்கள் வெளிப்படுவது புரிந்தது. மார்க்கோனி நிறுவனத்தின் ஆலோசகராக இருந்த ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் 1904 இல் அதை வானலை உணரியாக்கினார். இரண்டு மின்வாய்கள் கொண்ட அந்தக் குழலே பின்னாளில் டையோடு எனப் பெயர் பெற்றது.

1920களில் வானொலிப் பெட்டிகள் வீடுகளுக்குள் நுழைந்ததும் மின்தடையம் தொழிற்சாலையில் குவியல் குவியலாகச் செய்யப்படும் பண்டமாயிற்று. கரித்தூளைப் பிசினோடு கலந்து அழுத்திச் செய்யப்பட்ட அச்சிறு உருளைகளின் மேல் எண்களை அச்சிடுவதும், அச்சிட்டாலும் படிப்பதும் கடினம் என்பதால், அமெரிக்க வானொலி உற்பத்தியாளர் சங்கம் வண்ணக் குறியீட்டை வகுத்தது. கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9 என்பது அதன் வரிசை. முதலிரு வண்ணங்கள் இலக்கங்களையும், மூன்றாவது அதன்பின் வரும் சுழியங்களின் எண்ணிக்கையையும், நான்காவது பொறுதியையும் குறிக்கும். பொறுதி என்பது உறுப்பின் உண்மை மதிப்பு குறித்த மதிப்பிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு. பொன்னிறம் 5 விழுக்காட்டையும் வெள்ளி நிறம் 10 விழுக்காட்டையும் குறிக்கும். மஞ்சள், ஊதா, பழுப்பு, பொன் என்றிருந்தால் அது 470 ஓம், 446.5 முதல் 493.5 வரை எதைக் காட்டினாலும் அது பழுதில்லாதது. கரிக்கலவைத் தடையங்கள் ஈரத்தாலும் வெப்பத்தாலும் ஆண்டுக்கணக்கில் மதிப்பு உயர்ந்துகொண்டே போகக்கூடியவை என்பதால், பழைய வானொலிகளில் வரம்பைத் தாண்டிய தடையங்களைத் தேடுவதே பழுதுபார்ப்போரின் முதல் வேலையாக இருந்தது.

அந்த வேலைக்குரிய கருவி பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்ட் மகாடியிடமிருந்து வந்தது. தொலைபேசித் தடங்களைச் சோதிக்க மின்னோட்டத்துக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று, தடைக்கு ஒன்று எனப் பல கருவிகளைச் சுமந்து செல்ல வேண்டியிருந்ததால், மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கி அவர் வடிவமைத்த ஏவோ மீட்டர் 1923 இல் விற்பனைக்கு வந்தது. மாறுதிசை மின்னோட்டத்தையும் அளக்கும் திறன், தாமிர ஆக்சைடு அலைதிருத்திகளைச் சேர்த்த பின்னரே இவ்வகைக் கருவிகளுக்குக் கிடைத்தது. அலைதிருத்தி என்பது இரு திசைகளிலும் மாறி மாறி ஓடும் மின்னோட்டத்தை ஒரே திசைக்கு மாற்றும் டையோடு அமைப்பு. பழுதைத் தேடும் கருவிக்குள்ளேயே டையோடு குடியேறியது அவ்வாறுதான்.

கருவியும் சுற்றின் ஒரு பகுதியாகிவிடுகிறது என்பது அக்காலப் பழுதுபார்ப்போர் விரைவில் கற்ற பாடம். 10 வோல்ட் மூலத்தின் குறுக்கே இரண்டு 100 கிலோ ஓம் தடையங்களைத் தொடராக இணைத்தால் நடுவில் 5 வோல்ட் இருக்க வேண்டும். ஒரு வோல்ட்டுக்கு 1,000 ஓம் உணர்திறன் கொண்ட மீட்டரின் 10 வோல்ட் வீச்சு 10 கிலோ ஓம் தடையையே உடையது. அதைக் கீழ்த்தடையத்தின் குறுக்கே வைத்தவுடன் இரண்டும் இணைந்து ஏறத்தாழ 9.1 கிலோ ஓமாகச் சுருங்கி, ஊசி 0.83 வோல்ட்டில் நின்றுவிடும். வோல்ட்டுக்கு 20,000 ஓம் கொண்ட பிற்கால மீட்டர் அதே இடத்தில் 4 வோல்ட்டைக் காட்டும். 10 மெகா ஓம் தடையுள்ள எண்ணியல் மீட்டர் 4.98 வோல்ட்டைக் காட்டும். சுற்று மூன்று முறையும் பழுதற்றதே. இதனால் வானொலிகளின் பழுதுநீக்கக் கையேடுகள், ஒவ்வொரு புள்ளியிலும் இருக்க வேண்டிய அழுத்தத்தோடு, அதை எத்தகைய மீட்டரால் அளக்க வேண்டும் என்பதையும் அச்சிட்டன.

டையோடின் உட்பொருள் விளங்கியது 1940 இல். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ரஸ்ஸல் ஓல், நடுவில் வெடிப்பு விழுந்த ஒரு சிலிக்கான் துண்டைச் சோதித்தபோது, ஒளி பட்டதும் அதில் ஏறத்தாழ அரை வோல்ட் எழுவதைக் கண்டார். உருகிய சிலிக்கான் குளிர்ந்தபோது மாசுப்பொருள்கள் இரு வகையாகப் பிரிந்து படிந்து, வெடிப்பின் அருகே இருவகைப் பகுதிகளும் சந்திக்கும் எல்லை தானாகவே அமைந்திருந்தது. அந்த எல்லையே பி–என் சந்தி. கழித்து ஒதுக்கப்படக்கூடிய அத்துண்டை அவர் விடாமல் ஆராய்ந்ததால், திசைக்கேற்ப மாறும் தடை உலோக முனை இல்லாமலேயே, பொருளுக்குள் இருக்கும் எல்லையாலும் எழ முடியும் என்று தெரிந்தது. வில்லியம் ஷாக்லி 1949 இல் வெளியிட்ட கோட்பாடு, சந்தியின் வழியே ஓட்டம் அழுத்தத்தோடு நேர்விகிதத்தில் உயராமல் அடுக்கேற்றமாக உயர்வதை விளக்கியது. நடைமுறையில் இதன் பொருள், சிலிக்கான் டையோடு ஓட்டத்தைக் கடத்தும்போது அதன் குறுக்கே 0.6 முதல் 0.7 வோல்ட் வரையும், ஜெர்மானியத்தில் 0.2 முதல் 0.3 வரையும், ஒளி உமிழும் டையோடான எல்இடியின் சிவப்பு வகையில் 2 வோல்ட்டை ஒட்டியும் அழுத்தம் நிலைகொள்ளும் என்பது.

ஒரு 9 வோல்ட் பேட்டரி, 470 ஓம் தடையம், சிவப்பு எல்இடி ஆகியவை தொடராக அமைந்த சுற்றில் இவ்வரலாறு முழுவதையும் காணலாம். எல்இடி 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, மீதி 7 வோல்ட் தடையத்தில் விழுந்து, 15 மில்லி ஆம்பியர் அளவுக்கு ஓட்டம் செல்லும். விளக்கு எரியாமல், எல்இடியின் குறுக்கே 9 வோல்ட்டும் தடையத்தின் குறுக்கே சுழியும் இருந்தால், ஓட்டமே இல்லை என்றும், பாதை எல்இடியில் அறுந்துள்ளது, அதாவது ஓப்பன் ஆகிவிட்டது என்றும் கொள்ளலாம்; அது தலைகீழாக இணைக்கப்பட்டிருந்தாலும் இதே அளவுதான் வரும். மாறாக, தடையத்தின் குறுக்கே அழுத்தம் முழுவதும் தென்பட்டு எல்இடியில் ஒன்றும் இல்லையெனில், எல்இடி ஷார்ட் ஆகியிருக்கலாம், அதாவது அதன் இரு முனைகளும் உள்ளேயே இணைந்துவிட்டிருக்கலாம்; தடையம் அறுந்தும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய மீட்டரின் உட்தடையே உதவுகிறது: எல்இடி ஷார்ட் ஆகியிருந்தால் மீட்டர் முழு 9 வோல்ட்டைக் காட்டும், தடையம் அறுந்திருந்தால், 10 மெகா ஓம் மீட்டர் அதன் இடத்தில் அமர்ந்து எல்இடி வழியே நுண்ணிய ஓட்டத்தைச் செலுத்துவதால், எல்இடி தன் பங்கைப் பிடித்துக்கொண்டு ஏறத்தாழ ஏழரை வோல்ட்டே எஞ்சும்.

மின்வழங்கிகளில் டையோடின் பழுது வேறு விதமாக வெளிப்படும். நான்கு டையோடுகளாலான பாலச்சுற்று மாறுதிசை மின்னோட்டத்தின் இரு பாதிகளையும் பயன்படுத்துவதால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் வெளியீட்டில் 100 ஹெர்ட்ஸ் குற்றலை, அதாவது சிறு ஏற்ற இறக்கம், எஞ்சும். ஒரு டையோடு ஓப்பன் ஆனால் ஒரு பாதி விடுபட்டு, ஒலிபெருக்கியில் கேட்கும் இரைச்சல் 50 ஹெர்ட்ஸுக்கு இறங்கித் தடித்துவிடும். ஒரு டையோடு ஷார்ட் ஆனாலோ மின்மாற்றியின் இரண்டாம் சுருளே குறுக்கிணைந்து ஃபியூஸ் போய்விடும். குறிப்பிட்ட பின்னோக்கு அழுத்தத்தில் கடத்துமாறு வடிவமைக்கப்பட்ட சீனர் டையோடின் சுற்றில் பழுது மற்றோர் உறுப்பின் மேல் தெரியும். 12 வோல்ட்டிலிருந்து 330 ஓம் தடையம் வழியே 5.1 வோல்ட் சீனரை இயக்கும்போது, தடையம் 0.14 வாட் வெப்பத்தையே தாங்க வேண்டும். சீனர் ஷார்ட் ஆனால் அது 0.44 வாட்டாக உயர்ந்து, கால் வாட் தடையம் கருகிவிடும். கருகிய தடையத்தை மட்டும் மாற்றினால் புதியதும் கருகும்.

சுற்றிலிருந்து கழற்றாமல் டையோடைச் சோதிக்கும்போது, அதற்கு இணையாக உள்ள வேறு பாதைகள் அளவைத் திரித்துவிடும் என்பதால், மின்சாரத்தைத் துண்டித்து, மின்தேக்கிகளை வெறுமையாக்கி, பற்றாசை உருக்கி ஒரு காலையேனும் தூக்கிவிட்டு அளப்பது வழக்கம். எண்ணியல் மீட்டரின் டையோடு நிலை ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியரைச் செலுத்தி, நல்ல சிலிக்கான் டையோடில் ஒரு புறம் 0.5 முதல் 0.7 வோல்ட்டையும் மறுபுறம் எல்லை கடந்த குறியையும் காட்டும். இருபுறமும் சுழியை ஒட்டியிருந்தால் ஷார்ட், இருபுறமும் எல்லை கடந்தால் ஓப்பன். பழைய ஊசி மீட்டர்களின் ஓம் நிலையிலோ கறுப்பு முனையே நேர்மின் அழுத்தம் தருவதால், அதை அறியாதவர் நல்ல டையோடைத் தலைகீழாகப் புரிந்துகொள்வர்.

இவ்வரலாறு முழுவதும் ஒரே வினா மூன்று வடிவங்களில் திரும்பத் திரும்ப வந்துள்ளது. அளந்தது எதிர்பார்த்ததோடு ஒத்துவராதபோது பிழை சுற்றில் உள்ளதா, அளக்கும் ஏற்பாட்டில் உள்ளதா, எதிர்பார்ப்பிலேயே உள்ளதா என்பதே அது. கடல்வடப் பொறியாளர் முதலாவதைக் கேட்டார். வோல்டா மின்கலத்தை விலக்கிய ஓமும், மீட்டரின் சுமையைக் கணக்கில் கொண்ட வானொலிப் பழுதுபார்ப்போரும் இரண்டாவதைக் கேட்டனர். பிரௌனும் ஓலும் முதலிரண்டையும் கடந்து மூன்றாவதை அடைந்தனர். மூன்றாவது வினா ஆய்வகத்துக்கு மட்டும் உரியதன்று. மங்கலாக எரியும் எல்இடிச் சுற்றில் ஏழு வோல்ட்டும் இரண்டு வோல்ட்டும் ஏறத்தாழச் சரியாகவே அளவாகலாம். முன்பு பழுதுபார்த்தவர் பழுப்பு வளையத்துக்குப் பதில் சிவப்பு வளையமுள்ள 4,700 ஓம் தடையத்தை வைத்திருந்தால், எந்த உறுப்பும் கெடாமலேயே ஓட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்திருக்கும். அங்கே திருத்த வேண்டியது, வரைபடத்தில் உள்ளதுதான் பலகையிலும் இருக்கிறது என்ற நம்பிக்கையை.